கடைக்காரர் தப்பாக எண்ணினால் அது யாருடைய காசு?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆறு வயது மகன் தெருமுனை அண்ணாச்சி கடையில் ஐம்பது ரூபாய் கொடுத்துப் பால் பாக்கெட் வாங்கினான். அண்ணாச்சி ஏதோ நினைப்பில் நூறு ரூபாய்க்கு மிச்சம் கொடுத்துவிட்டார். வீட்டில் எண்ணிப் பார்த்துவிட்டு, "திருப்பிக் குடுத்துட்டு வாடா" என்றீர்கள். அவனோ, "நான் எடுக்கலையே, அவர்தானே தப்பா எண்ணினாரு, இது எப்படித் திருட்டாகும்?" என்று நின்றுவிட்டான். உங்களுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. தினமும் ராத்திரி நீதிக்கதை சொல்லித்தானே வளர்க்கிறேன், எங்கே கோட்டை விட்டேன் என்று கேட்கிறீர்கள்.

எங்கேயும் விடவில்லை. எடுப்பதும் தானாக வந்து சேர்வதும் ஒன்றா என்பது வக்கீல்கள் காசு வாங்கிக்கொண்டு வாதாடுகிற விஷயம். அதை உங்கள் மகன் பால் பாக்கெட்டைக் கையில் பிடித்தபடி கேட்டிருக்கிறான். "சொன்னதைச் செய், எதிர்த்துப் பேசாதே" என்று முடித்திருந்தால் காசு கடைக்குப் போயிருக்கும், கேள்வி அவன் மனசிலேயே தங்கியிருக்கும். நீங்கள் அப்படி முடிக்காமல் முழித்தீர்கள் பாருங்கள், அதுவே பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

நான் இருபத்து நான்கு வருஷம் ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை பாடம் எடுத்தவள். வாரத்தில் ஒரு பீரியட் நீதி போதனை என்று இருக்கும், பெரும்பாலும் அதைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார். கிடைத்த நாட்களில் நானும் எல்லோரையும் போலக் கதை சொல்லி, கடைசியில் "இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டோம்?" என்று கேட்பேன். "பொய் சொல்லக் கூடாது டீச்சர்" என்று நாற்பது குரல் ஒரே ராகத்தில் வரும். அதே பிள்ளைகள் பத்து நிமிஷம் கழித்து, உடைந்த சாக்பீஸ் டப்பாவை யார் தள்ளிவிட்டது என்று கேட்டால் வாயே திறக்க மாட்டார்கள். அந்த ராகத்துக்கும் சாக்பீஸ் டப்பாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எனக்கு உறைக்கவே ஆறேழு வருஷம் ஆயிற்று.

கதையால் பிரயோஜனமே இல்லை என்று சொல்ல வரவில்லை. எந்தக் கதை, எப்படி முடிகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கனடாவில் காங் லீ என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2014இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். மூன்றிலிருந்து ஏழு வயது வரையுள்ள 268 குழந்தைகள். ஒரு பொம்மையைப் பின்னால் வைத்து, "திரும்பிப் பார்க்காதே" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வெளியே போய்விடுவார். நிறையக் குழந்தைகள் திரும்பிப் பார்த்துவிடுவார்கள், அது எதிர்பார்த்ததுதான். பெரியவர் உள்ளே வந்து முதலில் ஒரு கதை படித்துக் காட்டுவார், பிறகு "நீ பார்த்தாயா?" என்று கேட்பார். கதைகளில் ஒன்று நாம் 'புலி வருது, புலி வருது' என்று சொல்கிறோமே, அதனுடைய ஓநாய் வடிவம். இன்னொன்று பொய் சொன்னால் மூக்கு நீளும் மரப் பொம்மையின் கதை. இந்த இரண்டையும் கேட்ட குழந்தைகள், நேர்மைக்குச் சம்பந்தமே இல்லாத முயல் ஆமைக் கதையைக் கேட்ட குழந்தைகள் அளவுக்கே பொய் சொன்னார்கள். அப்பாவின் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு ஒப்புக்கொண்ட சிறுவன் ஜார்ஜ் வாஷிங்டன் கதையைக் கேட்டவர்கள் மட்டும் அதிகமாக உண்மையைச் சொன்னார்கள். ஏனென்றால் அதில் அப்பா அடிப்பதில்லை, உண்மையைச் சொன்னதற்காகச் சந்தோஷப்படுகிறார். அதே கதையின் முடிவை மாற்றி, பொய் சொன்ன பையனுக்குத் தண்டனை என்று படித்துக் காட்டினால் அந்தப் பலனும் போய்விட்டது. (இதில் ஒரு வேடிக்கை: அந்தச் செர்ரி மரக் கதையே வாஷிங்டனின் வரலாற்றை எழுதிய ஒருவர் 1806 பதிப்பில் சேர்த்துவிட்ட கட்டுக்கதை என்றுதான் வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். நேர்மையைச் சொல்லித்தர ஒரு பொய்.)

நமக்கு மரம் வெட்டுகிற பையனைத் தேடி அமெரிக்கா போக வேண்டாம். காந்தி பதினைந்து வயதில் அண்ணனின் காப்பிலிருந்து கொஞ்சம் தங்கத்தைத் திருடினார். மனசு கேட்காமல் ஒரு சீட்டில் எழுதி, நோயில் படுத்திருந்த அப்பாவிடம் கொடுத்தார். அப்பா படித்தார், கண்ணீர் வழிந்தது, சீட்டைக் கிழித்துப் போட்டார். திட்டவில்லை. இதைச் சொல்லிப் பாருங்கள், ஏழு வயதுக் குழந்தை ஒரு நிமிஷம் பேசாது. அப்புறம் கட்டாயம் ஒரு கேள்வி வரும்: "அப்பா ஏன் அழுதாரு?" அந்தக் கேள்விக்கு நீங்களும் பதில் தெரியாதவர் மாதிரியே யோசியுங்கள். உண்மையிலேயே தெரியாதுதானே?

அரிச்சந்திரன் கதையைச் சொன்ன ஒரு நாள், மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "டீச்சர், உண்மைக்காக அவர் பொண்டாட்டியையும் புள்ளையையும் வித்தாரே, அவங்ககிட்ட கேட்டாரா?" என்றாள். அன்றைக்கு எனக்கும் உங்களுக்கு வந்த மாதிரிதான், பதில் வரவில்லை. மழுப்பினேன். இப்போது யோசித்தால், அந்த வருஷம் வகுப்பில் நடந்த ஒரே நீதி போதனை அந்தக் கேள்விதான், அதை நான் வீணடித்துவிட்டேன்.

சரி, இந்த வயதில் பிள்ளைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று கொஞ்சம் தெரிந்திருந்தால் நாம் பதற மாட்டோம். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே 1932இல் எழுதியது இன்றைக்கும் உதவுகிறது. அவர் குழந்தைகளிடம் இரண்டு பையன்களைப் பற்றிக் கேட்டார். ஒருவனைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள், அவன் கதவைத் திறந்தான். கதவுக்குப் பின்னால் தட்டில் பதினைந்து கோப்பைகள் இருந்தது அவனுக்குத் தெரியாது, எல்லாம் உடைந்தன. இன்னொருவன் அம்மா இல்லாத நேரத்தில் ஜாம் எடுக்க ஏறி ஒரே ஒரு கோப்பையை உடைத்தான். யார் பெரிய தப்பு செய்தவன்? சிறு குழந்தைகளில் பலர் பதினைந்தை உடைத்தவன்தான் என்றார்கள். வளர வளர, மனசில் என்ன இருந்தது என்பதைப் பார்க்கத் தொடங்கினார்கள். பியாஜே குழந்தைகளைக் கொஞ்சம் குறைத்து மதிப்பிட்டுவிட்டார் என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். வேண்டுமென்று செய்தானா, தெரியாமல் செய்தானா என்பதைக் கதையிலேயே தெளிவாகச் சொன்னால் நான்கு, ஐந்து வயதிலேயே பலர் அதைக் கணக்கில் எடுக்கிறார்கள். ஆனால் எவ்வளவு உடைந்தது என்பது கண்ணுக்குத் தெரிகிறது, மனசு தெரிவதில்லை. சின்னப் பிள்ளைகள் தெரிவதன் பக்கம் சாய்வார்கள். பெரியவர்களும்தான், எவர்சில்வர் தம்ளர் விழுந்தால் ஒரு மாதிரியும் புது டிவி விழுந்தால் வேறு மாதிரியும் நாம் கத்துவதில்லையா?

இதற்கு நம்மிடமே ஒரு கதை இருக்கிறது, யாரும் அதை இப்படிப் பயன்படுத்துவதில்லை. மனுநீதிச் சோழன். இளவரசன் தேரில் போகிறான், கன்று ஒன்று தானாகவே குறுக்கே பாய்ந்து சக்கரத்தில் சிக்கிச் செத்துப்போகிறது, பசு வந்து ஆராய்ச்சி மணியை அடிக்கிறது, அரசன் தன் மகனையே தேர்க்காலில் இடுகிறான். நாம் இதைச் 'சோழனின் நீதி' என்று சொல்லி மணியோடு முடித்துவிடுகிறோம். ஒன்றாம் வகுப்பில் கேட்டால் "ராஜா செஞ்சது சரி, கன்னுக்குட்டி செத்துடுச்சுல்ல" என்பார்கள். மூன்றாம் வகுப்பில் கேட்டேன். பாதி வகுப்பு கொதித்துவிட்டது. "அவன் வேணும்னு செய்யலையே டீச்சர்." "மெதுவாப் போயிருக்கலாம்ல?" "பையன் செத்தா கன்னுக்குட்டி திரும்பி வருமா?" "அப்போ பசு அழுதுச்சே, அதுக்கு என்ன செய்யுறது?" ஒரு பையன் மட்டும் கடைசி பெஞ்சிலிருந்து, "ராஜாவோட பொண்டாட்டியும் பசு மாதிரிதானே டீச்சர் அழுவாங்க" என்றான். நான் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. மணி அடித்தது, வெளியே போய் வேப்பமரத்தடியிலும் சண்டை தொடர்ந்தது.

இன்னொரு பாகுபாடும் வீட்டில் ரொம்ப உபயோகப்படும். எலியட் டூரியல் என்ற உளவியலாளரும் அவர் வழியில் வந்தவர்களும் எழுபதுகள் தொட்டுச் செய்த வேலை இது. குழந்தைகளிடம் இரண்டு விதமான விதிகளைப் பற்றிக் கேட்டார்கள். "டீச்சர் பரவாயில்லைன்னு சொல்லிட்டா, சாப்பிடும்போது எழுந்து நடக்கலாமா?" நடக்கலாம் என்றார்கள். "டீச்சர் பரவாயில்லைன்னு சொல்லிட்டா, பக்கத்துல இருக்கிறவனை அடிக்கலாமா?" கூடாது என்றார்கள். ஏன்? "அவனுக்கு வலிக்குமே." மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கே இது தெரிகிறது. நாம்தான் இரண்டையும் ஒரே குரலில் சொல்லிக் குழப்பிவிடுகிறோம். செருப்போடு உள்ளே வந்தாலும் "தப்பு", தம்பியைத் தள்ளிவிட்டாலும் "தப்பு", இடது கையால் வாங்கினாலும் "தப்பு". குழந்தைக்கு எல்லாம் ஒரே எடை ஆகிவிட்டால், அப்புறம் அம்மா பார்க்காதபோது எல்லாமே ஒரே எடைதான். செருப்புக்கு "நம்ம வீட்டு வழக்கம்" என்று சொல்லுங்கள். தம்பியைத் தள்ளினதற்கு மட்டும் "அவனுக்கு எப்படி இருந்திருக்கும்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்வியை ஒரு தடவைக்கு நூறு தடவை கேட்டாலும் சலிக்காது, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் பதில் வேறு.

(ஆறு மாதக் குழந்தைக்கே நல்லவன் கெட்டவன் தெரியும் என்று வாட்ஸ்அப்பில் வருமே, அது, உதவி செய்கிற பொம்மையையும் இடைஞ்சல் செய்கிற பொம்மையையும் காட்டி, குழந்தை எதை எடுக்கிறது என்று பார்த்த ஒரு 2007 ஆய்வு. அதையே பல நாடுகளின் ஆய்வகங்கள் சேர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் செய்து பார்த்து 2024இல் வெளியிட்டபோது அப்படி எந்தச் சாய்வும் தெரியவில்லை. ஆகவே உங்கள் குழந்தை ஆறு மாதத்தில் வேறு பொம்மையை எடுத்திருந்தால் கவலைப்படாதீர்கள்.)

இப்போது உங்கள் பையனுக்கு வருவோம். நான் உங்கள் இடத்தில் இருந்தால், முதலில் அவன் சொன்னதில் சரியானதை ஒப்புக்கொள்வேன். "ஆமா, நீ திருடலை. அது சரிதான்." இதைச் சொல்லாமல் மேலே போகவே முடியாது, அவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதிலேயே இருப்பான். திருடன் பட்டம் இல்லை என்று தெரிந்ததும் தோள் இறங்கும். அப்புறம் ஒரே ஒரு கேள்வி: "சரி, அவர் உனக்கு மிச்சத்தைக் குறைச்சலாக் குடுத்திருந்தா?" ஆறு வயதுப் பையன் உடனே, "நான் போய்க் கேட்டு வாங்குவேன்" என்பான். "அவர், 'நான் எடுக்கலையே, நீதானே எண்ணாம போனே'ன்னு சொன்னா?" இங்கே ஒரு இடைவெளி வரும். அந்த இடைவெளியில் பேசாதீர்கள். நமக்கு வாய் பரபரக்கும், "பாத்தியா, அதான் சொன்னேன்" என்று முடிக்கத் தோன்றும். நாக்கைக் கடித்துக்கொள்ளுங்கள்.

அவன் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். "அவர் பெரியவர், அவருக்கு எண்ணத் தெரியணும்" என்று சொன்னால், அதிலும் நியாயம் இருக்கிறது, பெரியவர்களுக்குப் பொறுப்பு அதிகம் என்கிறான். "அவர்கிட்ட நிறையக் காசு இருக்கு" என்றால் இன்னும் நல்லது, அங்கிருந்து வேறு வழி திறக்கிறது: "சாயங்காலம் கல்லாவை எண்ணும்போது ஐம்பது ரூபா குறைஞ்சா அண்ணாச்சி யாரைக் கேப்பாரு?" கடையில் வேலை செய்கிற பையனை அவன் பார்த்திருப்பான், அரிசி மூட்டை தூக்குகிற பையன். "அந்த அண்ணாவையா?" என்று அவனே வந்து சேரலாம். சேராமலும் போகலாம். அப்புறம் மாற்றிப் போட்டுப் பாருங்கள்: அண்ணாச்சி கடைக்குப் பதில் பெரிய சூப்பர் மார்க்கெட்டாக இருந்தால்? ஐம்பது ரூபாய்க்குப் பதில் ஒரு ரூபாயாக இருந்தால்? அண்ணாச்சி போன வாரம் உன்னைத் திட்டியிருந்தால்? ஒரே கணக்கில் எண்ணை மாற்றிப் போடுகிற மாதிரிதான் இது. எந்த எண்ணை மாற்றினால் அவன் விடை மாறுகிறது என்று பாருங்கள், அவன் எதை முக்கியம் என்று நினைக்கிறான் என்பது அங்கே தெரிந்துவிடும். 'திருப்பிக் கொடு' என்று ஒரு முறை சொல்வதைவிட இது மெதுவாக நடக்கும் வேலை, குழம்பு அடிப்பிடிக்கவும் வாய்ப்புண்டு.

இந்த மாதிரிக் கேள்வியோடு முடிகிற கதைகள் நமக்குப் புதிதில்லை. வேதாளம் விக்கிரமாதித்தனிடம் சொன்னதெல்லாம் இதே வடிவம்தான். கதையைச் சொல்லி முடித்து, "இதில் யார் செய்தது உயர்ந்தது? தெரிந்தும் சொல்லாவிட்டால் உன் தலை சுக்குநூறாகும்" என்று கேட்கும். அவன் பதில் சொன்னதும் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிடும். காஷ்மீரத்து சோமதேவர் பதினோராம் நூற்றாண்டில் தொகுத்த பெருங்கதையிலும் இவை இருக்கின்றன. பல கதைகள் பெரியவர்களுக்கானவை, ஆறு வயதுக்கு ஆகாது. வடிவத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா வேதாளம், பையன் விக்கிரமாதித்தன். என் வகுப்பில் வாரத்துக்கு ஒரு வேதாளம் உண்டு, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வருவேன். "ஒரே ஒரு குடை, மூணு பேர், ஒருத்தனுக்குச் சளி, ஒருத்தியோடது குடை, ஒருத்தன் கையில சித்தப்பாவோட கல்யாணப் பத்திரிகை. யார் நனையுறது?" குடைக்காரிக்குத்தான் உரிமை என்று ஒரு கட்சி, சளிக்காரன்தான் பாவம் என்று ஒரு கட்சி. மூணு பேரும் தலையை மட்டும் உள்ளே விட்டுக்கொண்டு பத்திரிகையைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு பொடியன் சொன்னான். அவன் இப்போது இன்ஜினியர் என்று கேள்வி.

ஒன்றை எதிர்பார்க்காதீர்கள். நன்றாகப் பேசுகிற பிள்ளை நன்றாக நடந்துகொள்வான் என்பது நிச்சயமில்லை. 2013இல் வந்த ஓர் ஆய்வில், மூன்றிலிருந்து எட்டு வயது வரையுள்ள குழந்தைகளிடம் ஸ்டிக்கர்களைக் கொடுத்துப் பங்கு போடுவதைப் பற்றிக் கேட்டார்கள். எல்லா வயதுக் குழந்தைகளும் பாதி பாதி கொடுக்க வேண்டும் என்றே சொன்னார்கள். கையில் கொடுத்ததும், ஏழெட்டு வயதுக்காரர்கள் கிட்டத்தட்டச் சொன்னபடி செய்தார்கள், சின்னவர்கள் தங்களுக்கே அதிகம் வைத்துக்கொண்டார்கள். இதில் எனக்குப் பிடித்தது, "நீ எவ்வளவு கொடுப்பாய்?" என்று முன்னாலேயே கேட்டபோது சின்னவர்கள் தாங்கள் குறைவாகத்தான் கொடுப்போம் என்பதைச் சரியாகவே சொல்லிவிட்டார்கள். அவர்கள் ஏமாற்றவில்லை, விதி தெரியாமலும் இல்லை. தெரிந்த விதிக்கு அவர்கள் கொடுக்கிற எடை இன்னும் கூடவில்லை. அதனால் மூன்று வயதுக் குழந்தை முறுக்கைத் தராவிட்டால் சுயநலக்காரி என்று பட்டம் கட்டாதீர்கள், நாலைந்து வருஷம் பொறுங்கள்.

பங்கு போடுவதே தனிக் கல்வி. அம்மாக்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே அளவு என்று தம்ளரைத் தூக்கிப் பிடித்துப் பாயசத்தைப் பார்ப்பார்கள். அது சண்டையை நிறுத்தும். ஆனால் ஒரு நாள், "அண்ணனுக்கு இன்னிக்கு ஃபுட்பால் மேட்ச், உனக்கு வயித்து வலி, ரெண்டு முட்டை இருக்கு, எப்படிப் பிரிக்கலாம்?" என்று பிள்ளைகளிடமே விட்டுப் பாருங்கள். சமமாகக் கொடுப்பதும் நியாயமாகக் கொடுப்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை என்பதைப் பாடப் புத்தகத்தில் படித்தால் மறந்துபோகும். முட்டையை விட்டுக்கொடுத்தவனுக்கு மறக்காது.

பொய் விஷயத்தில்தான் நாம் ரொம்ப வழுக்குகிறோம். "ஊசி வலிக்கவே வலிக்காது" என்று சொல்லித்தான் டாக்டரிடம் கூட்டிப்போகிறோம். "அப்பா வீட்ல இல்லைன்னு சொல்லு" என்று கடன்காரருக்கு வாசலில் நிற்க வைக்கிறோம். ஊரிலிருந்து பாட்டி தைத்துக்கொண்டு வந்த பாவாடை பிடிக்கவில்லை என்று பேத்தி முகத்துக்கு நேரே சொன்னால் மட்டும் கோபம் வருகிறது, அன்றைக்கு உண்மை பேசியதற்கு அடி விழுகிறது. குழந்தை இதையெல்லாம் வைத்து என்ன முடிவுக்கு வரும் என்று யோசித்துப் பாருங்கள். வள்ளுவரே வாய்மைக்கு வரையறை சொல்லும்போது யாருக்கும் தீமை இல்லாத சொல் என்றுதான் தொடங்குகிறார், குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்று அடுத்த குறளிலேயே சொல்லிவிடுகிறார். இதை எட்டு வயதுப் பிள்ளையிடம் தாராளமாகப் பேசலாம். பாட்டியிடம் என்ன சொல்லியிருக்கலாம்? பொய்யும் வேண்டாம், பாட்டி மனசும் நோகக் கூடாது. "எனக்காகத் தைச்சியா பாட்டி, எத்தனை நாள் ஆச்சு?" என்று ஒருத்தி சொன்னாள். அவளுக்கு வயது ஏழு. எனக்கு ஐம்பதிலும் அது தோன்றியிருக்காது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உபதேசம் மாதிரி ஆகிவிடும். அப்போதெல்லாம் அரசுப் பேருந்தில் மூன்று வயதுக்கு மேல் அரை டிக்கெட், ஐந்து வயது வரை இலவசம் என்றானது 2022இல்தான். என் மகளுக்கு மூணேமுக்கால் வயது, பார்க்கச் சின்னதாக இருப்பாள், மாசக் கடைசி வேறு. கண்டக்டர், "பாப்பாவுக்கு என்ன வயசும்மா?" என்றார். "மூணு இன்னும் முடியலைங்க" என்றேன். மடியிலிருந்தவள் திரும்பி, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, "முடிஞ்சிருச்சும்மா, கேக் வெட்டினோமே, மறந்துட்டியா?" என்றாள். எனக்கு ஞாபக மறதி என்று நினைத்து உதவி செய்தாள் பாவம். கண்டக்டர் ஒன்றும் சொல்லாமல் அரை டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். இறங்கி நடக்கும்போது, "நீ ஏம்மா அப்படிச் சொன்னே?" என்றாள். "மறந்துட்டேன்" என்று இன்னொரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. "காசு மிச்சம் பண்ணலாம்னு பொய் சொல்லிட்டேன், தப்புதான்" என்று சொல்ல எனக்கு நூறு அடி நடக்க வேண்டியிருந்தது. அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "காசு வேணும்னா என் உண்டியல்ல இருக்கே" என்றாள். நீதி போதனை பீரியடில் நான் நாற்பது பேருக்குச் சொன்னதைவிட அன்றைக்கு நான் கேட்டுக்கொண்டது அதிகம்.

போட்டுக் கொடுப்பது பற்றியும் பேசியாக வேண்டும், இது விளையாட்டில்லாத விஷயம். ஒன்றாம் வகுப்பில் ஒரு மணி நேரத்துக்குப் பத்து புகார் வரும், "டீச்சர் இவன் என் ரப்பரை எடுத்துட்டான்", "டீச்சர் இவ நாக்கை நீட்டுறா". அலுத்துப்போய், "யாரையும் போட்டுக் குடுக்காதே" என்று சட்டம் போட்டுவிடுவோம். அது ஆபத்தான சட்டம். ஒருவனை மாட்டிவிடுவதற்காக வந்து சொல்வது வேறு, ஒருவனைக் காப்பாற்றுவதற்காக வந்து சொல்வது வேறு. இந்த வித்தியாசத்தைச் சின்னச் சின்ன நிலைமைகள் வைத்துக் கேட்டுப் பழக்கலாம்: நண்பன் ஹோம்வொர்க் செய்யவில்லை, சொல்ல வேண்டுமா? நண்பன் மொட்டை மாடிச் சுவரில் ஏறுகிறான், 'சொல்லாதே' என்று சத்தியம் வாங்கியிருக்கிறான், சொல்ல வேண்டுமா? பெரியவர் ஒருவர், 'இது நமக்குள்ள ரகசியம், அம்மாகிட்ட சொல்லாதே' என்கிறார், சொல்ல வேண்டுமா? கடைசிக் கேள்விக்கு மட்டும் வாதப் பிரதிவாதம் கிடையாது. அதை வேதாளத்திடம் விடக் கூடாது, சொல்லியே ஆக வேண்டும், எத்தனை சத்தியம் செய்திருந்தாலும், அவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், சொன்னால் நான் திட்ட மாட்டேன் என்று நாமே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும் கேள்வியாக்குவது எனக்கும் பிடிக்கும், ஆனால் சில இடங்களில் குழந்தைக்குத் தேவை கேள்வியில்லை, சுவர்.

எப்போது கேட்கக் கூடாது என்பதும் முக்கியம். கோபத்தில், அழுகையில், மாட்டிக்கொண்ட நிமிஷத்தில் தர்க்கம் வேலை செய்யாது. "ஏன்டா செஞ்சே?" என்று அப்போது கேட்டால் ஒரு பொய்யை நாமே வரவழைக்கிறோம். ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பஸ்ஸில் போகும்போது, வெங்காயம் உரிக்கும்போது, கரண்ட் போன ராத்திரியில் கேட்கலாம், முகத்தைப் பார்க்காத இடமாக இருந்தால் இன்னும் நல்லது. அப்புறம், புத்தகங்களில் வரும் பெரிய பெரிய தர்மசங்கடங்களை ஆறு வயதிடம் கொண்டுவராதீர்கள். சாகக் கிடக்கிற மனைவிக்காகக் கணவன் மருந்தைத் திருடலாமா என்று உளவியலாளர் லாரன்ஸ் கோல்பெர்க் கேட்ட புகழ்பெற்ற கேள்வி பத்து வயதுக்கு மேற்பட்ட பையன்களிடம் கேட்டது. சின்னக் குழந்தையிடம் கேட்டால் தர்மம் புரியாது, அம்மா செத்துப்போவாளோ என்ற பயம் மட்டும் ஒட்டிக்கொள்ளும். கோப்பை, குடை, ரப்பர், மிச்சக் காசு, இதெல்லாம் போதும்.

நல்லது செய்தால் சாக்லேட் என்ற வழியும் வேண்டாம். ஜெர்மனியில் வார்னெகென், டோமசெல்லோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2008இல் காட்டியது இது: கீழே விழுந்ததை எடுத்துக் கொடுத்த இருபது மாதக் குழந்தைகளில் பரிசு பெற்றவர்கள், பிறகு பரிசு இல்லாதபோது, ஒன்றும் பெறாத குழந்தைகளைவிடக் குறைவாகவே உதவினார்கள். ஏற்கெனவே தானாகச் செய்ததற்கு விலை வைத்துவிட்டோம்.

அதனால் நாளைக்கு சாயங்காலம் அவனையே கடைக்கு அனுப்புங்கள், காசு அவன் கையில் இருக்கட்டும், நீங்கள் தெருவிலேயே நின்றுகொள்ளுங்கள். என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்க்க வேண்டாம். அவன் இன்னும் சம்மதிக்கவில்லை என்றால், "நீ என்ன நினைக்கிறேங்கிறதை அப்புறம் பேசலாம், இது நம்ம காசில்லைன்னு எனக்குத் தோணுது, அதனால நான் போய்க் குடுக்கிறேன், கூட வா" என்று சொல்லிக் கூட்டிப்போங்கள். அவன் யோசித்து முடிக்கிற வரைக்கும் அண்ணாச்சி காத்திருக்க வேண்டியதில்லை. முன்கூட்டியே அவரிடம் போய், "பையனைப் பாராட்டிப் பேசுங்க" என்று ஏற்பாடு செய்யாதீர்கள், தயவுசெய்து. ஆனால் அண்ணாச்சிகளை நமக்குத் தெரியும், காசை வாங்கிக் கல்லாவில் போட்டுவிட்டு, பாட்டிலைத் திறந்து ஒரு தேங்காய் மிட்டாயை நீட்டுவார். வாங்கிக்கொள்ளலாமா கூடாதா என்று அவன் திரும்பி உங்களைப் பார்ப்பான். எதிர்வீட்டுக் கோலத்தைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள்.